செவலை பேச்சை நிறுத்தியது

"பூனை எங்கிட்ட மட்டும் ஏன் அம்மா பேசமாட்டேங்கு?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

அவர் தலை நரைத்த சீடர். குரு அருளம்மை அவரைவிட வயதில் சின்னவர். ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிறிய மடத்தை அவர்தான் நடத்திவந்தார். சின்ன வயதுப் பெண் மடம் நடத்துவது ஊரில் சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆவுடையப்பனுக்கு அந்தக் குறை இல்லை.

அருளம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"முன்னாடி பேசுமோ?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீய? எங்க வடிவு இருக்கையில அதுக்கு வாய் ஓயாதே!"

உண்மைதான். செவலை அவர் மனைவி வடிவு வளர்த்த பூனை. அது ஒரு சத்தம் கொடுக்கும், "என்னளா?" என்பாள் வடிவு. அது இன்னொரு சத்தம் கொடுக்கும், "உனக்கு இதே சோலி" என்பாள். இப்படியே உலை கொதிக்கும்வரை போகும். திண்ணையில் இருந்து கேட்கிற ஆவுடையப்பனுக்கு யார் யாருக்குப் புத்தி சொல்கிறார்கள் என்றே விளங்காது.

வடிவு செத்துப்போனாள். பெண்டாட்டி போன துக்கத்தில் சிலர் குடிப்பார்கள், சிலர் கோயில் கோயிலாக அலைவார்கள். ஆவுடையப்பன் வாயை மூடிக்கொண்டார். பூனையை ஒரு கூடையில் தூக்கிக்கொண்டு மடத்துக்கு வந்து, ஒரு வருஷம் பேசாநோன்பு என்று உட்கார்ந்துவிட்டார். அருளம்மை விதித்த நோன்பு அல்ல அது. "இப்ப வேண்டாம் ஐயா" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். துக்கத்தில் இருக்கிறவர் காதில் அதெல்லாம் ஏறுமா?

நோன்பு தொடங்கிய புதிதில், விடிந்ததும் செவலை அவர் பாய்க்கு வந்து முகத்துக்கு நேரே நின்று கத்தும். ஆவுடையப்பன் புன்னகைப்பார். பால்சோறு வைப்பார். தடவிக் கொடுக்கமாட்டார், அதுவும் ஒருவகைப் பேச்சு என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வரவரப் பூனையின் சத்தம் குறைந்தது. பிறகு நின்றே போனது. சோற்றைத் தின்னும், போய்விடும்.

மடத்தில் இது பெரிய அதிசயமாகிவிட்டது. சீடரின் நோன்பு பூனைக்கும் பலித்துவிட்டதாம்! வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் செவலையைக் கும்பிட்டார்கள். ஒரு பக்தர் அதன் கழுத்தில் உருத்திராட்சம்கூடக் கட்டிவிட்டார். அதை அறுத்துப்போட அது பட்ட பாடு அதற்குத்தான் தெரியும். ஆவுடையப்பனுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

நேற்று நோன்பு முடிந்தது. முதல் வார்த்தையைத் தன் ஒரே மகள் உலகம்மாளிடம்தான் பேசவேண்டும் என்று ஆசைப்பட்டு, ஆள்விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார். பொழுதெல்லாம் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் வரவில்லை. வெயில் தாழ்ந்ததும் மனசு கேட்காமல், "செவலை" என்றார். பூனை அவரைப் பார்த்தது. எழுந்து அடுப்படிக்குப் போனது. அங்கே போய் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது.

மகள் வராததைக் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் பூனையைக் கேட்டார்.

அருளம்மை கீரைத் தட்டோடு எழுந்தார். "வாங்க."

இருவரும் அடுப்படி வாசலில் நின்றார்கள். உள்ளே சமையல் செய்கிற சொர்ணம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். செவலை அவள் காலடியில் நின்றது.

"ம்யா."

"என்னளா? இப்பதான தின்ன?"

"ம்யாவ்."

"வாய் நீளுதோ? கரண்டியால போட்டேன்னா பாரு!"

"ம்ர்ர்."

"சரி, சரி, இரு. கை சோலியா இருக்கேன்லா?"

பூனை உட்கார்ந்து வாலைச் சுற்றி வைத்துக்கொண்டது. ஆவுடையப்பனுக்குத் தாங்கவில்லை.

"சொர்ணம் ஒரு நல்ல வார்த்தை சொல்லலையே அம்மா! ஏசத்தான செய்யுதா?"

"ஏசுததும் பதிலுதான்."

அவர் மறுபடி பூனையைப் பார்த்தார்.

"ஒரு பூனையும் இன்னொரு பூனையும் இப்படிப் பேசிக்கிடுததப் பாத்திருக்கீயளா?" என்று அருளம்மை கேட்டார்.

"சண்டையில கத்தும்."

"அது சண்டை. குட்டியில தாயைக் கூப்பிடும். வளந்தா அதுவும் நின்னுபோவும். பெறவு இந்தப் பேச்செல்லாம் மனுஷங்ககிட்டதான். அதுலயும் பதில் சொல்லுத மனுஷங்ககிட்ட."

"நான் ஒருநாள் தவறாமப் பால்சோறு வச்சேனே அம்மா."

"வச்சீய."

"அப்ப அதுக்கு மௌனம் கைகூடலையா?"

"உங்ககிட்டப் பேசிப் பேசிப் பாத்துச்சு ஐயா. ஓஞ்சிபோச்சு."

ஆவுடையப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அருளம்மையும் எதிரே உட்கார்ந்து கீரையை எடுத்துக்கொண்டார்.

"நோன்புல உங்க மக வந்தாளே?"

"வந்தா. மொதல்ல வந்தப்ப மூச்சு விடாமப் பேசினா. அடுத்தாப்ல வந்தப்ப கொஞ்சம் பேசினா. கடைசியா வந்தப்ப ஒண்ணுமே பேசல. வாழைப்பழத்த வச்சிட்டு, சும்மா உக்காந்திருந்துட்டுப் போயிட்டா." அவர் கீழே கிடந்த ஒரு கீரைத்தண்டை எடுத்து ஒடித்தார். "பிள்ளைக்குப் பக்குவம் வந்துட்டுதுன்னு நெனச்சேன் அம்மா. சந்தோஷப்பட்டேன்."

"மொதல்ல வந்தப்ப என்ன கேட்டா?"

அந்தக் கேள்வி அவருக்கு மறக்கவில்லை. உலகம்மாள் தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். சேதி கிடைத்து அவள் வந்து சேர்வதற்குள் வடிவின் மூச்சு நின்றிருந்தது. சாகும்போது பக்கத்தில் இருந்தவர் ஆவுடையப்பன் மட்டும்தான். காரியமெல்லாம் முடியும்வரை மகளுக்கு அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. தைரியம் வந்து மடத்துக்கு ஓடிவந்தபோது, அப்பா நோன்பில் இருந்தார்.

"'அம்மை கடைசியா என்னையத் தேடினாளாப்பா'ன்னு கேட்டா."

"நீங்க?"

"சிரிச்சேன் அம்மா. கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினேன்."

அருளம்மையின் கை கீரையில் நின்றுவிட்டது.

ஆவுடையப்பன் குலுங்கிக் குலுங்கி அழுதார். வடிவு செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. அவள் கடைசியாகச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நெஞ்சில் அப்படியே இருந்தது. இப்போது எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அம்மா, அன்னைக்கு வடிவு என்ன சொன்னான்னா..."

அருளம்மை கையை நீட்டித் தடுத்தார்.

"எங்கிட்டச் சொல்லாதீய ஐயா. கேட்டது நான் இல்லையே."