எந்த இன்ஜினை நம்பி

"எது கைவிடாது மேஸ்திரி? வரிசை இன்ஜினா, வி இன்ஜினா?"

கேட்டவர் ஒண்டிவீரன். ஐம்பது வயது டிரைவர். கேட்டது எஸ்டேட் பட்டறையை நடத்தும் எஸ்தரிடம். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள்தான், ஆனாலும் அந்த மலையின் டிரைவர்களுக்கெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம்.

போன வாரம் அவர் தேயிலை மூட்டையோடு மலையிறங்கும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி மண்மேட்டில் மோதி நின்றது. அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாளைக்கு ஏற்றப்போவது மூட்டை அல்ல. கொழுந்து பறிக்கும் பெண்கள் பதினோரு பேரைக் கண் முகாமுக்குக் கூட்டிப்போக வேண்டும். அதில் அவர் மனைவியும் ஒருத்தி.

பட்டறையில் இரண்டு டீசல் பிக்கப் நின்றன. எஸ்தர் இரண்டின் பானெட்டையும் திறந்தாள். ஒன்றில் ஆறு சிலிண்டர், பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஒரே வரிசையில். நீளமான இன்ஜின், ஆனால் கை நுழைய இடமுண்டு. மற்றதில் எட்டு, நான்கு நான்காக ‘V’ எழுத்துப் போல இருபுறமும் சாய்ந்து. இழுவை அதிகம், ஆனால் எதைத் தொடவும் பாதியைக் கழற்ற வேண்டும்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

போன வாரம் காலை வாரியது வரிசை இன்ஜின் வண்டிதான், அதைத் தொடவே மாட்டேன் என்று ஒண்டிவீரன் அடித்துச் சொன்னார்.

எஸ்தர் வாதாடவில்லை. வி இன்ஜின் வண்டியைப் பட்டறைச் சரிவின் உச்சியில் நிறுத்தி அவரை ஏறச் சொன்னாள்.

"மலையில எப்படி இறக்குவீங்களோ, அப்படியே இறக்குங்கண்ணே."

சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கி, வண்டிக்கு நேர் எதிரே போய் நின்றுகொண்டாள்.

ஒண்டிவீரன் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். ஹேண்ட்பிரேக்கை விட்டார். கை தானாகக் கியரைத் தள்ளி, சக்கரத்தை இன்ஜினிலிருந்து விடுவித்தது. இறக்கம் வந்தால் நியூட்ரலில் உருட்டுவதுதான் அந்த மலையில் வழக்கம். டீசல் மிச்சம்; ஆனால் கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், நியூட்ரலில் அந்தப் பாரம் முழுக்க பிரேக் மேல் விழுந்து அது சூடேறிவிடும்.

வண்டி நகர்ந்தது. வேகம் பிடித்தது. அவர் பதறிப்போய் பிரேக்கை ஏறி மிதித்தார். எஸ்தருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

அவள் விலகவில்லை. அவள் முகத்திலும் வேர்வை.

"இப்ப நான் எந்த இன்ஜினை நம்பி இங்க நிக்கிறேன், சொல்லுங்கண்ணே."

ஒண்டிவீரன் குனிந்து, நியூட்ரலில் கிடந்த கியரின் மேலிருந்த தன் கையைப் பார்த்தார்.

பிறகு, முதல் கியரைப் போட்டார்.