இது இல்லாட்டி என்ன ஆகும்?

ஒரு கடைத்தெருவில், பேருந்து நிறுத்தத்துக்கு நேர் எதிரே, பாதி பொம்மையும் பாதி மூக்குக்கண்ணாடியும் விற்கும் கடை ஒன்று இருந்தது. இரண்டில் ஒன்றாவது ஓடாதா என்று கடைக்கார அண்ணாச்சி போட்ட கணக்கு அது. இப்போது இரண்டு பக்கமும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைப் பாவாடை கட்டிய பொம்மை ஒன்று நின்றது. வந்து வெகுகாலமாகியும் அதை யாரும் வாங்கவில்லை. ஆனாலும் அதற்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையின் பெயர் ஜெனிட்டா.

ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஜெனிட்டா, பள்ளி விட்டதும் அம்மாவை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து வருவாள். மூக்கு நசுங்கும்வரை முகத்தைப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு பொம்மையைப் பார்ப்பாள். அவள் மூச்சு பட்ட இடத்தில் ஈர வட்டம் ஒன்று விழும். அவள் பேருந்து ஏறிப் போன பிறகும், அந்த வட்டம் காய்ந்து மறையும்வரை பொம்மை அதையே பார்த்துக்கொண்டிருக்கும். மறைந்ததும் அடுத்த மாலைக்காக ஏங்கத் தொடங்கிவிடும்.

"பார்த்தாயா, என்மேல் எவ்வளவு ஆசை இருந்தால் இப்படி ஒட்டிக்கொள்வாள்!" என்று பக்கத்தில் கிடந்த சின்ன மூக்குக்கண்ணாடியிடம் பீற்றிக்கொண்டது.

"ஆசைதான். ஆனால் அவ்வளவு ஒட்டாவிட்டால் அவளுக்கு நீ தெரியவே மாட்டாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம்" என்றது மூக்குக்கண்ணாடி.

"பொறாமை! உன்னைக் கேட்டு எந்தக் குழந்தையாவது அழுதிருக்கிறதா? மாட்டிவிட்டால்தான் அழும்."

பொம்மை சொன்னது உண்மை. அதனால்தான் மூக்குக்கண்ணாடிக்கு அவ்வளவு வலித்தது.

ஜெனிட்டாவின் அம்மாவுக்கு ஒரு வழக்கம். மகள் கடையில் எதைக் கேட்டாலும் வாங்க மாட்டேன் என்று சொல்வதில்லை. இது இல்லாட்டி என்ன ஆகும் என்று கேட்பாள். நாளடைவில் அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது.

"சோறு இல்லாட்டி என்ன ஆகும்?"

"பசிக்கும்."

"குடை இல்லாட்டி?"

"நனைஞ்சிருவேன்."

"இந்தப் பொம்மை இல்லாட்டி?"

ஜெனிட்டா கொஞ்சம் யோசித்தாள். "அழுகையா வரும்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. "சரி, பக்கத்துல இருக்கே மூக்குக்கண்ணாடி, அது இல்லாட்டி?"

"அதுவா? ஒண்ணும் ஆகாது."

பொம்மைக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் மாலை, எதிர்ப்பக்கத்திலிருந்து ஜெனிட்டா அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள். பொம்மை பூரித்துப்போனது. அடுத்த கணம் ஆட்டோ ஒன்று வேகமாக வருவதையும் பார்த்தது. நில், நில் என்று கத்தியது. பொம்மை கத்தி எந்தக் குழந்தைக்குக் கேட்டிருக்கிறது? ஆட்டோ கிறீச்சிட்டு, அவள் புத்தகப்பையை உரசிக்கொண்டு நின்றது.

அம்மா ஓடிவந்து வாரி அணைத்தாள். "ஏட்டி, இவ்வளவு பெரிய ஆட்டோ வருது, பாக்கலையா?"

"எப்பம்மா வந்துச்சு?" என்றாள் ஜெனிட்டா. அவள் பொய் சொல்லவில்லை.

அண்ணாச்சி கடையிலிருந்து இறங்கி வந்தார். "தாயி, பிள்ளைய ஒரு கண் டாக்டர்ட்ட காட்டுங்க. தினமும் பாக்கேன், பெட்டியில மூக்க வச்சாத்தான் அதுக்குக் கண்ணு தெரியுது."

"தெரியலன்னு ஒருநாளும் சொன்னதில்லையே அண்ணாச்சி!"

"எப்பவுமே இப்படித்தான் பாத்துட்டு வருதுன்னா, தெரியலன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் எழுதிய பவர் சீட்டோடு அவர்கள் திரும்பி வந்தபோது, அந்தப் பவரைப் போட்டுத் தரச் சொல்லி அம்மா மூக்குக்கண்ணாடியைக் காட்டினாள். ஜெனிட்டா பொம்மையைக் காட்டி அழுதாள்.

"பொம்மை வேண்டாம்னு சொல்லல மக்கா. இப்ப இதுதான்" என்றாள் அம்மா.

பெட்டி திறந்தது. அண்ணாச்சியின் கை பொம்மையின் தலைக்கு மேலே வந்து, அதைத் தாண்டிப் போய், மூக்குக்கண்ணாடியை எடுத்தது.

"உன்னை அவள் கேட்கவே இல்லையே! போவது நீயா?" என்றது பொம்மை. பிறகு வீம்பெல்லாம் உடைந்து கெஞ்சியது: "அவளை மறுபடி என்னிடம் கூட்டி வருவாயா?"

"என்னால் ஆனதைச் செய்கிறேன்" என்றது மூக்குக்கண்ணாடி.

சில நாள் கழித்து ஒரு மாலை, ஜெனிட்டா எதிர்ப்பக்கம் நிறுத்தத்தில் வந்து நின்றாள். மூக்கின்மேல் மூக்குக்கண்ணாடி இருந்தது. அவள் அம்மாவை இழுக்கவில்லை. சாலையைக் கடக்கவில்லை. போகிற வருகிற வண்டிகளையும், வேப்பமரத்தில் தனித்தனியாக ஆடும் இலைகளையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொம்மை காத்திருந்தது. தெருமுனையில் பேருந்து திரும்பிவிட்டது. இன்று அந்த ஈர வட்டம் இல்லை, இனி என்றுமே இல்லை என்று அதற்குப் புரிந்தது. இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டாளே என்று ஏங்கியது.

அப்போது ஜெனிட்டா இந்தப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா! பொம்மைக்குக் கன்னத்துல குழி இருக்கு! அது சிரிக்குதும்மா! இங்கேருந்தே தெரியுது!"

இத்தனை காலம் சிரித்த சிரிப்பை முதன்முதலாக ஒருத்தி பார்த்துவிட்டாள். பொம்மை அசையாமல் நின்றது.

அம்மா மகள் பக்கம் குனிந்தாள். "இப்பச் சொல்லு. மூக்குக்கண்ணாடி இல்லாட்டி என்ன ஆகும்?"

ஜெனிட்டா அதைக் கழற்றிப் பார்த்தாள். அவசரமாகத் திரும்பவும் மாட்டிக்கொண்டாள்.

"பொம்மை தெரியாதும்மா."