கூழைக்குளத்துக்குப் போன பச்சைச் சட்டை

பாளையங்கோட்டையில ஒரு குரு இருந்தாங்க. மலை, குகை, தாடி ஒண்ணும் கெடையாது. வடைக்கடைக்கு மேல மாடி, மூணு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். ஃபேனும் ரெண்டுல வச்சாத்தான் சுத்தும். குரு பேரு எப்சிபா. வயசு முப்பத்திமூணு.

சீடர் பேரு ஆவுடையப்பன். வயசு அம்பத்தஞ்சு. குரு சீடர அண்ணாச்சின்னு கூப்பிடுவாங்க. சீடர் குருவ டீச்சர்னு கூப்பிடுவாரு. யாரு யாருகிட்ட படிக்காங்கன்னு வடைக்கடைக்காரருக்குக் கடைசி வரைக்கும் வெளங்கல.

மாடியில நடந்த வேலை இதுதான். எழுநூறு எண்ணூறு கிலோமீட்டர் உசரத்துல சுத்துற சாட்டிலைட் எடுத்த படத்த வாங்கி, சரணாலயம், காப்புக்காடு, குளம் எல்லாம் எந்த நெலமையில இருக்குன்னு மார்க் போடணும். எல உசுரோட இருந்தா வெயில திருப்பி அனுப்புற விதம் ஒண்ணு. பட்டுப்போனா வேற விதம். அத வச்சு நூத்துக்கு எத்தனைன்னு கம்ப்யூட்டர் சொல்லிரும். நல்லா இருந்தா மேப்புல பச்சை. சுமாருன்னா மஞ்சள். போச்சுன்னா செவப்பு.

ஆவுடையப்பன் இருபத்தாறு வருஷம் நெல அளவைப் படம் கையால வரஞ்சவரு. வரப்பு கோணலா இருந்தாலும் அவரு கோடு கோணாது. அந்த வேலைய விட்டுட்டு இத மூணு வருஷமாப் படிக்காரு. நல்லாவே படிச்சாரு. உக்காந்த எடத்துலயே ஒரு காட்டுக்கு ஜாதகம் எழுதிருவேன்னு வடைக்கடையில சொல்லிக்கிட்டு இருந்தாரு. பொய்யும் இல்ல.

அந்த மாடியில ஒரு வழக்கம். அறிக்கைக்குக் கீழ யாரு கையெழுத்து இருக்கோ, அந்தக் காட்டுக்கு அவங்க பொறுப்பு. மூணு வருஷமா எல்லா அறிக்கையிலயும் டீச்சர் கையெழுத்துதான். ஆவுடையப்பனுக்கு அது தொண்டையில சிக்குன மீன் முள்ளு மாதிரி. வலியும் இல்ல, போகவும் செய்யாது.

அந்த வருஷம் பன்னெண்டு எடத்தையும் அவரு ஒத்த ஆளா முடிச்சாரு. மாசிமாசம் ஒரு வெள்ளிக்கெழம மத்தியானம் அறிக்கைக் கட்டக் கொண்டாந்து டீச்சர் மேசையில வச்சாரு. பதினொண்ணு பச்சையும் மஞ்சளும். ஒண்ணு செவப்பு. கூழைக்குளம் பறவைகள் சரணாலயம்.

செவப்புல அவருக்கு ஒரு பெருமை. பச்சைய யாரு வேணும்னாலும் பாத்துருவாங்க. நோயக் கண்டுபிடிக்கதுல இருக்கு வைத்தியம். குளத்துக்குள்ள நிக்கிற கருவேல மரம் ஆறு வருஷமா மார்க் எறங்கிக்கிட்டே வருது. எழுவத்தொண்ணு, அறுவத்தாறு, அறுவது, அம்பத்திரெண்டு, நாப்பத்தஞ்சு, இந்த வருஷம் முப்பத்தெட்டு. கோடு மாடிப்படி மாதிரி அழகா எறங்குது.

செவப்பு விழுந்தா என்ன ஆகும்னும் அவருக்குத் தெரியும். திங்கக்கெழம வனத்துறைக்கு அறிக்கை போகும்; செவப்புன்னு அவரு ஃபோன்ல முன்னாடியே சொல்லியாச்சு. கோடையில வண்டி வந்து பட்ட மரத்த எல்லாம் வெட்டி எடுத்துட்டு, புதுக் கன்னு நட்டுருவாங்க. நல்லதுதானன்னு நெனச்சாரு.

"டீச்சர், இதுலயாச்சும் நான் கையெழுத்துப் போடலாமா?"

எப்சிபா டீச்சர் கூழைக்குளத்துப் படத்த மட்டும் உருவி எடுத்தாங்க. நேரா ஒருக்க, சாச்சு ஒருக்க பாத்தாங்க.

"பட்ட மரம் படத்துல என்ன நெறம் அண்ணாச்சி?"

"பழுப்பு."

"இது?"

"வெளுப்பு."

"ஏன்?"

ஆவுடையப்பன் கொஞ்சம் யோசிச்சாரு. "ரொம்பப் பட்டுட்டு போல."

டீச்சர் சிரிக்கல. சிரிச்சிருந்தா அவருக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

"உங்ககிட்ட பச்சைச் சட்டை இருக்கா?"

பொங்கலுக்கு எடுத்தது இருக்குன்னாரு. வாழைஎலப் பச்சை. ஒரே ஒருக்கதான் போட்டாராம்.

"நாளைக்கு அதப் போட்டுக்கிட்டு கூழைக்குளம் போங்க. கரை மரத்தடியில ஒரு மணி நேரம் நில்லுங்க. குடை வேண்டாம்."

"நின்னு என்ன அளக்கணும்?"

"ஒண்ணும் அளக்க வேண்டாம். நில்லுங்க, போதும்."

இது சோதனையா தண்டனையான்னு கேக்க நெனச்சாரு. டீச்சர் அதுக்குள்ள அடுத்த படத்துக்குப் போயிட்டாங்க.

மறுநா காலையில பத்து மணி பஸ்ஸுல போயி எறங்குனாரு. குளம் தெரியுததுக்கு முன்னாடியே சத்தம் கேட்டுச்சு. கல்யாண வீட்டுப் பந்தியில எல பத்தாமப் போனா வருமே, அந்தச் சத்தம். கரைக்கு ஏறுனா மரத்துல மரமே தெரியல. மஞ்சமூக்கு நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அதுகளுக்குள்ள எடஞ்சண்ட.

கரையில ஒரு பொம்பள நின்னாங்க. காக்கிச் சட்ட, சேலைக்கு மேல. கையில பெரிய கருப்புக் குடை. வானத்துல ஒரு மேகம் இல்ல. பேரு சங்கரவடிவு. அந்தக் குளத்துக்குக் காவல் அவங்கதான். ஒம்பது வருஷமா படகுல போயி ஒவ்வொரு மரத்துலயும் எத்தன கூடுன்னு எண்ணுறதும் அவங்கதான்.

அவரு கையில குடை இல்லாததப் பாத்துட்டு, பொண்ணு பாக்கவா வந்தீங்கன்னு கேட்டாங்க. அந்த ஊருல அப்படி ஒரு வழக்கமாம். மாப்பிள்ளை மொதமொதலா ஊருக்குள்ள வரும்போது இந்தக் கரை வழியாத்தான் வரணும், குடை பிடிக்கக் கூடாது. பறவ எச்சம் மேல விழுந்தா நல்ல சம்பந்தம். விழுந்தத அன்னைக்குப் பொழுது சாயுத வரைக்கும் தொடைக்கவும் கூடாது. பட்டு வேட்டியோட ஒருத்தரு ஓடிப்போனதும் உண்டாம். அந்தக் கல்யாணம் நிக்கல, ஆனா இன்னைக்கு வரைக்கும் அவருக்கு அந்த வீட்டுல மரியாதை கெடையாதாம்.

ஆவுடையப்பன் சும்மா நிக்க வந்தேன்னாரு. சும்மா நிக்க பாளையங்கோட்டையில எடம் இல்லையான்னு கேட்டுட்டு, அவங்க நாலடி தள்ளி குடைய விரிச்சுக்கிட்டு உக்காந்தாங்க.

மொத சொட்டு தோள்ல விழுந்துச்சு. ரெண்டாவது சட்டைப்பைக்கு மேல. அப்புறம் எண்ணுறத விட்டுட்டாரு.

அவரு நிக்க, சங்கரவடிவு பேசுனாங்க. ஊருல தீபாவளிக்கு ஒரு கேப்பு வெடி கூடச் சத்தம் வராது. வயலுக்கு யூரியா மூட்ட வந்து வருஷம் பல ஆச்சு, குளத்துத் தண்ணியே ஒரம். பெருமையாத்தான் சொன்னாங்க. அப்புறம் குரல் மாறிட்டு. கோடையில மரத்த வெட்டப் போறதா ஊருக்குள்ள பேச்சு வந்திருக்கு. இந்த மரம் போச்சுன்னா நாரை திரும்ப வராது. புதுக் கன்னு கூடு தாங்குற அளவு வளர பதினஞ்சு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அதுக வாடகைக்கா இருக்கும்?

"மேல இருந்து போட்டோ பாத்துட்டு எவனோ ஒரு பயல் மரம் செத்துட்டுன்னு எழுதுதானாம் சார்."

 ஆவுடையப்பன் காது மடல்ல ஒரு சொட்டு விழுந்துச்சு. அதையும் தொடைக்கல.

ஒரு மணி நேரம் ஆச்சு. சங்கரவடிவு எந்திரிச்சு வந்து அவர ஒரு சுத்து சுத்திப் பாத்தாங்க.

"என்ன நெறத்துல சட்ட போட்டுட்டு வந்தீங்க?"

குனிஞ்சு பாத்தாரு. காலருக்கு அடியில, கக்கத்துல மட்டும் பச்சை இருந்துச்சு. மத்த எடம் பூரா சுண்ணாம்பு அடிச்ச செவரு.

"இப்ப மேல இருந்து எவனாச்சும் பாத்தா, நீங்களும் செத்தாச்சு."

ஆவுடையப்பன் தலைய நிமுத்தி மரத்தப் பாத்தாரு. அப்பதான் பாத்தாரு. கொப்பு வெள்ளை. எல வெள்ளை. அடிமரம் வெள்ளை. கை நீட்டி ஒரு சின்னக் கொப்ப ஒடிச்சாரு. கரையில எறங்கி தண்ணிக்குள்ள முக்கி ரெண்டு ஒலுப்பு ஒலுப்புனாரு.

கொப்பு பச்சையா வெளிய வந்துச்சு.

அத ரொம்ப நேரம் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. எல்லா மரமும் இப்படிக் கழுவிப் பாக்க முடியாதேன்னாரு. அத ஐப்பசி மழை பாத்துக்கிடும்னாங்க சங்கரவடிவு. ஒரு மழை அடிச்சா போதும், குளம் தலைக்குளிச்ச பொண்ணு மாதிரி நிக்குமாம். நாரை கூடு கட்ட வாரது அதுக்கு அப்புறந்தான்.

ஐப்பசி. அவரு கையில இருந்த கொப்பக் கீழ வச்சாரு. ஐப்பசி, கார்த்திகைப் படத்த எல்லாம் மேகம் மறைக்குதுன்னு ஆறு வருஷத்துக்கும் சேத்து ஒதுக்கி வச்சது அவருதான். மேகம் இல்லாத படமாப் பொறுக்கி எடுத்தாரு. தை, மாசி, பங்குனி. சுத்தமான வானம். குளம் நெறைய நாரை.

"அந்தப் பயல் நான்தான்"னாரு.

"தெரியும்."

"எப்படி?"

"குடை இல்லாம இந்தக் கரைக்கு வாரது மாப்பிள்ளையும் ஆபீஸரும்தான். மாப்பிள்ளைக்கு உங்களுக்கு வயசு தாண்டிட்டு."

அப்புறம் அவரக் கையப் பிடிக்காத கொறையா மடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மடைச் செவருல காவியில வருஷவாரியா கூட்டுக் கணக்கு எழுதியிருந்தாங்க. எழுத்து கோணல், எண்ணு கோணல் இல்ல. கடைசி ஆறு வருஷம்: நானூத்திப் பத்து, அறுநூறு, எண்ணூத்தி அம்பது, ஆயிரத்து நூத்தி எம்பது, ஆயிரத்து நானூத்தி அம்பது, இந்த வருஷம் ஆயிரத்து எழுநூறு.

ஆவுடையப்பன் அந்த ஆறு எண்ணையும் உள்ளங்கையில எழுதிக்கிட்டாரு. சட்டைய அங்கயே கழுவிக்கிடுங்கன்னு சங்கரவடிவு வாளி குடுத்தாங்க. ஊர் வழக்கம் பொழுது சாயுத வரைக்கும்தானன்னு கேட்டுட்டு, அப்படியே பஸ் ஏறுனாரு. மூணு பேரு உக்காருற சீட்டு. ராசா மாதிரி தனியா வந்தாரு.

மாடிக்கு வந்து சேரும்போது மணி நாலு. டீச்சர் அவர ஏற எறங்கப் பாத்துட்டு, நாற்காலிய ஜன்னல் பக்கமா நகத்திப் போட்டாங்க.

அவரு ஒதுக்கி வச்ச படத்த எல்லாம் மறுபடி தெறந்தாரு. மேகம், மேகம், மேகம். முப்பத்தி ஏழாவது படத்துல மேகத்துக்கு நடுவுல ஒரு ஓட்ட. ஓட்டைக்குள்ள கூழைக்குளம். போன கார்த்திகை. கருகருன்னு பச்சை. மார்க் எழுவத்தி ஒம்பது. இன்னும் தேடுனாரு. மத்த அஞ்சு வருஷத்துக்கும் அஞ்சு ஓட்ட கெடச்சுச்சு. எல்லாத்துலயும் எழுவத்தஞ்சுக்குக் கொறையல.

"நான் வரஞ்ச கோடு பொய்யி டீச்சர்."

"அந்தம்மா செவருக் கணக்கு இருக்கா?"

உள்ளங்கைய நீட்டுனாரு.

"அதையும் வரைங்க. ரெண்டையும் ஒரே ஸ்கிரீன்ல."

வரஞ்சாரு. மார்க் மாடிப்படி எறங்குச்சு. கூடு மாடிப்படி ஏறுச்சு. ஒவ்வொரு படிக்கும் ஒரு படி. டீச்சர் கம்ப்யூட்டர்ல அவரு கோட்ட மட்டும் தலைகீழாத் திருப்பி வச்சாங்க. ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துச்சு.

ஆவுடையப்பன் ஃபோன எடுத்து சங்கரவடிவுக்குப் பேசுனாரு. நீங்க ஆறு வருஷமா செவருல எழுதுனத வானத்துல ஒண்ணு ஆறு வருஷமாப் பாத்து எழுதியிருக்குன்னாரு. ரெண்டு கணக்கும் ஒத்துப்போகுதுன்னாரு. 

"அப்ப எங்க குளத்துப் பீயி அவ்வளவு உசரத்துக்குத் தெரியுதாக்கும்?"

"வெள்ளவெளேர்னு தெரியுது."

அந்தம்மா ஃபோனக் கைக்கு எட்டுன தூரத்துல பிடிச்சுக்கிட்டு யாருகிட்டயோ சத்தமாச் சொல்லுதது கேட்டுச்சு. அவங்க இன்னொருத்தருகிட்ட சொல்ல, அது கரை பூராப் போச்சு. ஃபோன வைக்க யாருக்கும் ஞாபகம் இல்ல.

ஆவுடையப்பன் கூழைக்குளத்து அறிக்கைய மொதல்ல இருந்து எழுதுனாரு. செவப்ப எடுத்துட்டு பச்சை போட்டாரு. மரத்த ஒண்ணும் செய்ய வேண்டாம்னு எழுதுனாரு. மேகப் படத்த ஒதுக்குனது தன்னோட தப்புன்னு ஒரு வரி எழுதுனாரு. மடைச் செவருக் கணக்குன்னு போட்டு, சங்கரவடிவு பேர முழுசா எழுதுனாரு. முடிச்சு டீச்சர் முன்னால வச்சாரு. பேனாவையும் பக்கத்துல வச்சாரு. வெளிய வெயில் எறங்கிட்டு.

"நீங்களே போட்டுருங்க டீச்சர். எனக்கு இன்னும் தகுதி வரல."

எப்சிபா டீச்சர் கடைசி வரைக்கும் படிச்சாங்க. அப்புறம் அந்தச் சட்டையப் பாத்தாங்க. பேனாவ அவரு பக்கமே தள்ளிவிட்டாங்க.

"உங்க சட்டையில ஆயிரத்து எழுநூறு குடும்பம் கையெழுத்துப் போட்டாச்சு அண்ணாச்சி. ஓரமா எடம் இருந்தா நீங்களும் போடுங்க."