பீரங்கியில் கோடு எங்கே?

உக்கிரபூபதி மகாராஜாவுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. தெரியாததைத் தளவாய் பெரியதம்பி சொல்லிக் கொடுத்துவிடுவார். தளவாய் மகா வீரர். போன போரில் அவர் குதிரை எந்தத் திசையில் ஓடியது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

கோட்டைக்குப் புதுப் பீரங்கி வேண்டியிருந்தது. இரண்டு பேர் செய்துகொண்டு வந்தார்கள். ஒருவர் தளவாயின் மைத்துனர். அவர் இரும்புக் குழாய்க்கு மேல் வெண்கலத்தைச் சட்டையாக மாட்டியிருந்தார். வாய்ப்பக்கம் பார்த்தால் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே, வேட்டிக்குக் கரை போட்ட மாதிரி பளிச்சென்று ஒரு கோடு. பிச்சாண்டி ஆசாரியின் பீரங்கியிலோ இரும்பு உள்ளிருந்து வெளியே வரவரக் குறைந்து, வெண்கலம் சிறுகச் சிறுகக் கூடியிருந்தது.

"மகாராஜா, இது கலப்படம். எது எங்கே முடிகிறதென்று செய்தவனுக்கே தெரியாது" என்றார் தளவாய்.

அரசருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆசாரி, இரண்டு உலோகத்துக்கும் நடுவே உள்ள கோடு எங்கே? காட்டாவிட்டால் உன் வலது கை இருக்காது."

"கோடே இல்லீங்க மகாராஜா. அது இருக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு பாடுபட்டேன்."

"இல்லாத ஒன்றுக்குப் பாடுபட்டானாம்" என்று தளவாய் சிரித்தார். சபையும் சிரித்தது. சம்பளம் வாங்குகிற சபை வேறென்ன செய்யும்? ஆசாரி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றதுதான் பாவமாக இருந்தது.

அரண்மனை விகடர் திருமேனி எழுந்தார். "கோடு எங்கே என்று நான் காட்டுகிறேன், மகாராஜா. அதற்குக் கூச்ச சுபாவம். இரண்டு பீரங்கியையும் வரிசையாக நிறுத்தி மாறி மாறிச் சுடுவோம். அதிர்ச்சியில் தானாக வெளியே வரும். தளவாய் ஐயா பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்லட்டும்."

தளவாய்க்கு அந்த நிமிடமே இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் எல்லோரும் மண்மேட்டுக்குப் பின்னால் போனார்கள். நீளத் திரிகளில் நெருப்பு வைத்தார்கள்.

முதல் வெடியில் இரண்டும் குலுங்கி அடங்கின. அடுத்த வெடியில் மைத்துனரின் குழாய் கடகடவென்று நடுங்கியது. இரும்பு ஒரு தினுசாக அதிர, வெண்கலம் வேறு தினுசாக அதிர்ந்தது. இரண்டும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள். மூன்றாவது வெடியில் வெண்கலச் சட்டை வாழைப்பட்டை மாதிரி உரிந்து விழுந்தது. ஆசாரியின் பீரங்கி மட்டும் மொத்தமாக ஒருமுறை சிலிர்த்துவிட்டுச் சும்மா நின்றது.

புகை அடங்கியதும் அரசர் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார். திருமேனி பணிவாகக் குனிந்து உரிந்த இடத்தைக் காட்டினார்.

"இதோ நீங்கள் கேட்ட கோடு, மகாராஜா. மைத்துனர் பீரங்கிக்கு ராஜபக்தி அதிகம். கேட்டதும் காட்டிவிட்டது. ஆசாரியின் பீரங்கிதான் திமிர் பிடித்தது. எத்தனை அடித்தாலும் காட்ட மாட்டேன் என்கிறது."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆசாரியின் வலது கையில் தங்கக் காப்புப் போடுங்கள். கோடு உள்ளதைத் தளவாய்க்கே கொடுத்துவிடுங்கள். அடுத்த போரில் அவர் அதன் பக்கத்திலேயே நிற்பார்."