ஒதியங்கம்பத்துக்கு நீர் வார்த்த பொங்கியம்மையார்

நொய்யல் கரையில் புல் அறுத்து, வீடு வீடாகச் சுமந்து விற்றுப் பிழைத்தவர் பொங்கியம்மையார். நாதியற்ற கைம்பெண். விடியுமுன் எழுந்து, மாரியாத்தாளை நினைத்துக் கும்பிட்ட பிறகுதான் அரிவாளைத் தொடுவார்.

ஒருநாள் மில் மைதானத்தில் இரண்டு நெட்டை ஒதிய மரங்களை வெட்டி நட்டிருக்கக் கண்டார். மில் பையன்கள் புதிதாகத் தொடங்கிய, பந்தைக் கையில் ஏந்தி முட்டிமோதி ஆடும் ரக்பி சங்கத்தின் கோல் கம்பங்கள் அவை. அம்மையாருக்கு அது எங்கே தெரியும்! மாரியாத்தாள் நோம்பித் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள் என்றே நினைத்தார். கொங்கு நாட்டில் கம்பம் நட்டுவிட்டால் பெண்கள் தினமும் அதற்கு மஞ்சள்நீர் ஊற்றுவார்கள். அதைப் பிடுங்கும்வரை ஊரார் வெளியூரில் தங்கமாட்டார்கள். அம்மையாரும் ஓட்டமும் நடையுமாகப் போய்க் குடத்தோடு வந்து மஞ்சள்நீரை ஊற்றினார்.

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அணித்தலைவன் திருமூர்த்திதான் எடுத்துச் சொன்னான்.

"ஏனுங்கம்மா, இது பந்து வெளையாடற கம்பமுங்க. சாமியுமில்ல, பூதமுமில்ல."

"இருக்கட்டுங் கண்ணு. மஞ்சத்தண்ணி ஊத்துன எடத்துல ஆத்தா வந்து உக்காந்திருப்பா. பாதியில உட்டுட்டுப் போனா அவ மனசு நோகாதா?"

அன்றுமுதல் ஊர் அவரை 'பந்துசாமி பூசாரி' என்று கேலி பேசியது. பேசட்டுமே! அவர் குடம் நிற்கவில்லை.

சங்கத்தின் கதையோ பரிதாபம். ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. அந்த வருஷம் மழையும் பொய்த்தது. புல் கருகியது, அம்மையாரின் பிழைப்பும் போயிற்று. வளர்த்த ஒற்றை ஆடும் செத்தது. அழுதார், பாவம். ஆனாலும் தூரத்துக் கிணற்றில் சேந்தி வந்த தண்ணீரில் தமக்குக் கஞ்சிக்கு வைத்ததுபோகக் கம்பத்துக்கு ஊற்றிவிட்டுத்தான் படுத்தார்.

கடைசியில் சங்கத்தைக் கலைத்துவிடுவதென்று பையன்கள் முடிவுகட்டி, கம்பத்தைப் பிடுங்க வந்தார்கள். அம்மையார் குறுக்கே போய் நின்றார்.

"வேண்டாஞ் சாமிகளா! என்ர உசுரே இதுலதான் இருக்குது."

"நாங்க என்னங்கம்மா பண்றது? ஊரே சிரிக்குது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான் திருமூர்த்தி.

அசைத்தார்கள், அசையவில்லை. ஆட்டத்தில் குனிவதுபோலவே அத்தனை பேரும் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, ஒரே மூச்சாக முட்டித் தள்ளினார்கள். எந்த ஆட்டத்திலும் அவர்கள் அப்படி ஒன்றுசேர்ந்து தள்ளியதில்லை! கம்பம் இம்மியும் நகரவில்லை. ஒருவன் மண்ணைக் கிளறினான். விரல் தடிமனில் வேர்! அண்ணாந்து பார்த்தார்கள். உச்சியில் இளந்தளிர்.

ஒதியமரம் வெட்டி நட்டாலும் துளிர்க்கும், தெரிந்ததுதான். குளமே வெடித்துக் கிடந்த கோடையிலுமா? திருமூர்த்தி அம்மையாரின் காலில் விழுந்தான்.

"கம்பத்தப் புடுங்குனாத்தானுங்களே நோம்பி முடியும்? இனி இத யாரும்மா புடுங்கறது! நாங்க சங்கத்த உட்டுப் போகலீங்."

அடுத்த ஆட்டத்தன்று அம்மையார் முதல் குடம் ஊற்ற, பிறகு ஆளுக்கொரு குடம் ஊற்றிவிட்டே களம் இறங்கினார்கள். அன்றும் தோற்றார்கள்தான். ஆனால் ஒருவனும் சங்கத்தை விட்டுப் போகவில்லை.

தெரியாமல் வார்த்த நீரையும் தெரிந்தே ஏற்றுக்கொண்டாள் ஆத்தாள். வார்த்த அந்தக் கைகளுக்கு நம் கும்பிடு.