ஆற்றோரப் பாதையில் ஒதுங்கும் இடம்

“அந்த ஒரு இடத்துல மட்டும் கல்லு நிக்க மாட்டேங்குது அம்மா,” என்றார் அரவாழி.

உலகம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எந்த இடம்?”

“நீர்மருத மரத்தைத் தாண்டி, ஆறு வளையுற இடம். ஓரக்கல் பதிச்சுட்டு வரேன். மறுநாள் போய்ப் பார்த்தா ஆத்துக்குள்ள கிடக்கு.”

“ஆனையா?”

“ஆனைன்னா தடம் இருக்குமே.”

“அப்ப இன்னொரு தடவை பதிச்சுப் பாருங்க.”

அவளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் கைகட்டி நின்றது அவர்தான். நெடுஞ்சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் அவள் நடத்தும் இந்தச் சின்ன ஆசிரமத்துக்கு வந்து அவளிடம் தீட்சை கேட்டார்.

ஆற்றோரத்து ஒற்றையடிப் பாதையை, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருகிறவர்களுக்கும் ஏற்றபடி சீராக்கித் தரச் சொல்லிப் பூங்கா அதிகாரிகள் ஆசிரமத்தைக் கேட்டிருந்த சமயம் அது.

“பாதை முடியட்டும். அப்புறம் தீட்சையைக் கேளுங்க,” என்றாள் உலகம்மை.

அந்தப் பாதைக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதிரெதிரே இருவர் வந்தால், வெறுங்கையோடு வருபவர் முள்ளுக்குள் இறங்கி நிற்பார். சுமையோடு வருபவர் நடப்பார்.

அரவாழிக்கு அது பிடிக்கவில்லை. “இனிமே யாரும் யாருக்கும் ஒதுங்க வேண்டாம்” என்று சொல்லிப் பாதையை அகலமாக்கினார். கயிறு பிடித்து நேராக்கினார். செம்மண் கொட்டி இறுக்கினார். இருபுறமும் ஓரக்கல் பதித்தார்.

எல்லா இடத்திலும் கல் நின்றது. ஆற்று வளைவில் மட்டும் நிற்கவில்லை.

மறுபடி பதித்தார். இந்த முறை எழுந்து போகாமல் பாதை நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

உச்சிப்பொழுது. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்.

சைக்கிளில் ஒரு பெண் வந்தாள். வளைவு வந்ததும் பிரேக் பிடித்து இறங்கினாள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓரக்கல்லை மிதித்து முள்ளுக்குள் போய் நின்றாள். கல் பெயர்ந்து உருண்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மேலே ஏறி வந்தாள்.

“ஏம்மா கல்லைத் தள்ளுற? பாதைதான் இவ்வளவு அகலமா இருக்கே.”

“சுமையோட வந்தாங்கல்ல அங்கிள்.”

“யாரு?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உங்களைத் தாண்டித்தானே போனாங்க. பாதை போடுறவரே நடுவுல உக்காந்தா எப்படி? பாவம், அந்தம்மா தடுமாறிட்டாங்க.”

அரவாழி திரும்பிப் பார்த்தார். நேரான பாதை. வெயில். வேறொன்றும் இல்லை.

பின்னாலேயே வனக்காவலர் மாசானம் வந்தார். அவரும் அதே இடத்தில் இறங்கி நின்றார்; அவரும் ஒரு கல்லை உருட்டிவிட்டார்.

“நீரு யாரைப் பாத்தீரு?”

“நான் யாரையும் பாக்கதில்ல சார். கண்ணை மூடிக்கிடுவேன்.”

“அப்புறம் எதுக்கு ஒதுங்குறீரு?”

“கண்ணைத்தானே மூடுதேன். கால் சும்மா இருக்குமா?”

அரவாழி ஆசிரமத்துக்கு வந்து, உலகம்மைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“இந்தப் பாதை முடியாது அம்மா. எனக்குத் தீட்சையும் கிடைக்காது. எல்லாருக்கும் எதிரே யாரோ வர்றாங்க. எனக்கு மட்டும் யாரும் வரல.”

“உங்களுக்கு யாரு வரணும்?”

மனைவியின் பெயர் தொண்டைவரை வந்தது.

உலகம்மை எழுந்து கையைக் கழுவினாள்.

“வாங்க, நடந்துட்டு வருவோம்.”

வெயில் இன்னும் சாயவில்லை. அவள் முன்னால் போனாள். நீர்மருதைத் தாண்டியதும் பறவைச் சத்தம் நின்றது. ஆற்றுச் சத்தமும் தூரத்தில் எங்கோ கேட்பதுபோல் இருந்தது.

வளைவில் அவள் முள்ளுக்குள் இறங்கினாள்.

அரவாழி இறங்கவில்லை. அவர் போட்ட பாதை. இருவர் தாராளமாகக் கடக்கலாம். நடுவிலேயே நடந்தார்.

உடம்பு சில்லென்றது. காற்று இல்லை; ஒரு இலைகூட அசையவில்லை.

சிறிது தூரம் போய்த் திரும்பினார். உலகம்மை இன்னும் குனிந்த தலையோடு நின்றிருந்தாள்.

“என்னம்மா?”

அவள் அவருடைய மார்பைக் காட்டினாள்.

சட்டை தோளிலிருந்து வயிறுவரை நனைந்திருந்தது. பாசி வாடை அடித்தது.

காய்ந்த செம்மண்ணில் ஈரக் காலடிகள் தெரிந்தன. எதிர்ப்பக்கமிருந்து வந்து, அவருடைய செருப்புத் தடத்தின் மேலேயே ஏறி, அப்பால் போயிருந்தன. எங்கேயும் அவரைச் சுற்றிப் போகவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் அவற்றைக் குடித்தது.

“எத்தனை நாளா இப்படி அம்மா?” என்றார்.

“நீங்க நடக்க ஆரம்பிச்சதுலேருந்து.”

பிறகு அவள் சொன்னாள்: “இன்னும் வர்றாங்க.”

அரவாழி ஓரக்கல்லைத் தாண்டி இறங்கினார். முள் வேட்டியைப் பிடித்தது. அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

பாதையில் ஈரம் தோன்றியது. ஒரு காலடி. நெடுநேரம் கழித்து இன்னொன்று. பெரிய சுமை போலிருந்தது.

அவருக்கு நேரே வந்ததும் அது நின்றது.

யாரென்று பார்க்க அவர் நிமிரவில்லை. குனிந்த தலையோடு இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

காலடி மறுபடி நடக்கத் தொடங்கியது.

“பாதை முடிஞ்சுது,” என்றாள் உலகம்மை. “இப்பக் கேளுங்க.”

அரவாழி உதட்டின் மேல் விரலை வைத்து, அவளைப் பேசாமலிருக்கச் சொன்னார்.