நல்ல சேதி மட்டும்

ஆப்பிரிக்காவில், ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஆளனுப்பும் ஒரு நாட்டில், ஒரு மந்திரி இருந்தாராம். அவர் திறந்துவைத்த பாலம் விரிசல் விட்டதை யாவ் என்ற நிருபர் எழுதினார். மந்திரியின் ஆட்கள் அவரை நடுத்தெருவில் போட்டு அடித்தார்கள். ஓட்டுக் கேட்டு வந்தபோது அதே தெருவில் கும்பிட்ட கைகள்தான் அவை!

மந்திரி அதோடு விட்டாரா? உள்ளூர் வானொலி நிலையத்துக்கே வந்துவிட்டார்.

“இனி என்னைப் பற்றி நல்ல சேதி மட்டும்தான் வரணும். கெட்டதா ஒரு வார்த்தை வந்தாலும் நிலையத்தையே பூட்டிடுவேன்.”

அங்கே தினமும் சந்தையின் தக்காளி விலை வாசிக்கும் அகோசுவா, “சரிங்க ஐயா” என்றாள்.

மறுநாள் யாவ் வீட்டில் விசாரித்துவிட்டு வந்து வாசித்தாள்: “மந்திரி பற்றிய நல்ல சேதி. நேற்று அவருடைய ஆட்கள் யாவை அடிக்கவில்லை.” சந்தையே சிரித்தது. தினமும் அதையே வாசித்தாள்.

ஆறாம் நாள் யாவ் வீடு திரும்பியிருக்கவில்லை. “இன்று மந்திரி பற்றி நல்ல சேதி எதுவும் இல்லை” என்று முடித்தாள்.

சந்தைப் பெண்கள் கூடைகளை அப்படியே போட்டுவிட்டு மந்திரி வீட்டு வாசலில் கூடினார்கள். அகோசுவாவும் போனாள்.

“என்னடி சொன்னே இவங்ககிட்ட?” என்று மந்திரி பாய்ந்தார்.

“கெட்டதா ஒரு வார்த்தை சொல்லலையே ஐயா. நல்லது நடந்திருந்தா வாசிச்சிருப்பேனே.”

கூட்டம் நகரவில்லை. கடைசியில் பின்பக்கக் கதவு திறந்து, உதடு வீங்கிய யாவ் வந்தார். “என் கேமரா?” என்றார். அதுவும் வந்தது.

“நாளைக்கு என்ன வாசிப்பே?” மந்திரியின் குரல் இறங்கியிருந்தது.

“அது உங்க கையிலதான் இருக்கு ஐயா.”

பெண்கள் கூடைகளைத் தேடிப் போனார்கள். அகோசுவாவும் போனாள். யாவ் மட்டும் நின்று, அந்தக் கதவை ஒரு படம் எடுத்துக்கொண்டு, நொண்டியபடி நடந்தார்.